வெள்ளிக்கிழமை மாலைக்கு ஒரு சிரிப்புப் படம்: மூன்று தலைமுறைக்கும் பொருந்துவது எது?

தாழ்வாரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வருகிற வெள்ளிக்கிழமை மாலை வீட்டில் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் பார்ப்பது என்று முடிவாகியிருக்கிறது. எந்தப் படம் என்பதில்தான் மூன்று நாள்களாக வழக்கு ஓயவில்லை. பார்க்கப்போகிறவர்கள் நால்வர். அப்பாவுக்கு 79 வயது. காதுக் கருவி வைத்திருக்கிறார், ஆனால் மாலை ஆறு மணிக்கு மேல் அதைக் கழற்றி மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டால், பிறகு யார் சொன்னாலும் எடுத்து மாட்டமாட்டார். மகள் பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்துவிட்டு, கைப்பேசியிலிருந்து தலை நிமிராமல் விடுமுறையைக் கழிக்கிறாள். என் கணவர் எந்தப் படமானாலும் இருபதாவது நிமிடத்தில் உறங்கிவிடுவார். நான் பாதிப் படத்தை அடுக்களையிலிருந்தும் மீதியைக் கூடத்திலிருந்தும் பார்ப்பவள்.

வெட்டுக்குத்து இருக்கக் கூடாது, யாரும் சாகக் கூடாது, தாத்தாவும் பேத்தியும் ஒரே அறையில் இருக்கும்போது நான் ரிமோட்டைத் தேடி ஓடும்படியான காட்சி வரக் கூடாது. சென்ற முறை நான் தேர்ந்தெடுத்த படம் நகைச்சுவைப் படம் என்று பெயர் வாங்கியது. இரண்டாம் பாதியில் கதாநாயகனின் தாயைக் கொன்றுவிட்டது. அன்றே படம் தேர்ந்தெடுக்கும் உரிமை என்னிடமிருந்து பறிக்கப்பட்டது. உங்கள் துணையோடு அதை மீட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.

புளியோதரை எழுதியது:

இதற்கு இழை எதற்கு அம்மா, ஒரு வரி போதுமே! 1990 தீபாவளிக்கு வந்த 'மைக்கேல் மதன காமராஜன்' படத்தைப் போடுங்கள். சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கம், கிரேசி மோகன் வசனம், இளையராஜா இசை, நான்கு வேடங்களில் கமல்ஹாசன். சமையற்காரக் காமேசுவரன் பேசும் பாலக்காட்டுத் தமிழும், கல்யாண வீட்டுச் சாம்பாரில் மீன் விழுந்துவிட்ட காட்சியும், மலை விளிம்பில் நிற்கும் மரவீடு ஒருவர் நகர்ந்தால் ஒருபக்கம் சாயும் அந்த இறுதிக் காட்சியும், முப்பது முறை பார்த்த எனக்கே இன்னும் சலிக்கவில்லை.

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

நண்பர் புளியோதரை சொன்ன படத்தின் பெருமையில் எனக்குச் சிறிதும் ஐயம் இல்லை. ஆனால் தொடங்கியவரின் முதல் பத்தியை அவர் முழுதாகப் படிக்கவில்லை என்று தோன்றுகிறது. காதுக் கருவியைக் கழற்றிவைத்த ஒருவருக்குக் கிரேசி மோகனின் வசனத்தைப் போட்டுக் காட்டுவது, பல் இல்லாதவருக்கு முறுக்குத் தட்டை நீட்டுவது போன்றது.

என் தந்தையார் ஒரு சிறு நகரத் திரையரங்கில் புரொஜக்டர் ஓட்டியவர்; என் பள்ளி விடுமுறைகள் அந்த அறையின் சதுரத் துவாரத்தின் பின்னால்தான் கழிந்தன. அங்கிருந்து திரையைவிடத் தலைகள்தான் நன்றாகத் தெரியும். எந்த இடத்தில் தலைகள் குலுங்குகின்றன, எந்த இடத்தில் ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம் 'என்ன சொன்னான்?' என்று கேட்கக் குனிகிறார் என்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒன்று பழகிவிட்டது. பழைய படங்களில் ஒரு வேடிக்கை முடிந்ததும் அடுத்த வசனம் வர ஒரு மூச்சு அவகாசம் விடுவார்கள். அவர்களில் பலர் நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். கொட்டகையில் சிரிப்பு அடங்கும்வரை வாய் திறக்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தொழில்பாடம். கிரேசி மோகனும் மேடையிலிருந்து வந்தவர்தான், ஆனால் திரையில் அவர் அந்த அவகாசத்தைத் தரவில்லை. ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் இரண்டு கடந்துவிடும், அந்த இரண்டும் அடுத்த முறை பார்க்கும்போதுதான் காதில் விழும். அதனால்தான் நீங்கள் முப்பது முறை பார்த்தீர்கள்.

ஆகவே, அப்பாவுக்கு முகத்தைப் பார்த்தே சிரிக்கக்கூடிய படம் வேண்டும். பெயர் சொல்வதற்கு முன்னால் மற்றவர்களின் கருத்தையும் கேட்க விரும்புகிறேன்.

கொடிக்கால் எழுதியது:

முகத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டுமென்றால் கவுண்டமணி செந்திலை மிஞ்ச ஆள் ஏது? 'கரகாட்டக்காரன்', 1989, கங்கை அமரன் இயக்கம். அந்த வாழைப்பழக் காட்சியைத் தமிழ் தெரியாதவருக்குப் போட்டாலும் விளங்கும். கடையில் வாங்கியது இரண்டு, கையில் இருப்பது ஒன்று, இன்னொன்று எங்கே என்று கேட்டால் அதுதான் இது என்று விடை. அந்தப் பகுதியை எழுதிய ஏ. வீரப்பன் பெயர் சுவரொட்டியில் சிறிய எழுத்தில்கூட நினைவில் நிற்கவில்லை என்பது என் நெடுநாள் வருத்தம். பாட்டும் கூத்துமாகப் போகும் படம். மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடியது.

சங்குப்பூ எழுதியது:

நான் இந்த இழையில் வயதில் இளையவள் என்று நினைக்கிறேன், அதனால் மகளின் தரப்பில் ஒரு வார்த்தை. வாழைப்பழக் காட்சி எனக்கும் பிடிக்கும். அதில் வேலை செய்வது செந்திலின் அசையாத முகமும் அந்தக் குதர்க்கமும்தான். ஆனால் அந்தக் காலத்து நகைச்சுவைத் துண்டுகளைத் தொடர்ந்து இரண்டு மணி நேரம் பார்க்கும்போது, கறுப்பாக இருப்பவரை, குண்டாக இருப்பவரை, பல் எடுப்பாக இருப்பவரைப் பெயர் வைத்துக் கூப்பிடுவதே பாதி நகைச்சுவையாக இருப்பது தெரிகிறது. என் தங்கை சிறிது குண்டானவள். இப்படியொரு காட்சி ஓடும்போது சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார். அவள் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள், படம் முடியும்வரை திரும்பவில்லை. அன்று மாலை யாருக்கு நன்றாக இருந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

எனது பரிந்துரை 2012 இல் வந்த 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்'. பாலாஜி தரணீதரன் இயக்கியது. திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு கிரிக்கெட் ஆடும்போது பின்பக்கமாக விழுந்து தலையில் அடிபட்ட மாப்பிள்ளைக்கு அண்மைக்கால நினைவு மட்டும் அழிந்துபோகிறது. மணப்பெண்ணையே அடையாளம் தெரியவில்லை. மூன்று நண்பர்கள் அவனை வரவேற்பு மேடையிலும் மணமேடையிலும் நிறுத்திவைத்து ஊரை ஏமாற்ற வேண்டும். இது நிகழ்ந்த கதை. நிகழ்ந்தது அந்தப் படத்தின் ஒளிப்பதிவாளர் பிரேம்குமாருக்கு. பின்னாளில் '96' படத்தை இயக்கியவரும் அவரே. தன் தலையில் பட்ட அடியைத் தானே ஒளிப்பதிவு செய்த ஒரு மனிதர்! விஜய் சேதுபதி அதே நான்கைந்து வரிகளை, அதே தொனியில், 'என்னாச்சு?' என்று தொடங்கி மீண்டும் மீண்டும் சொல்வார். பத்தாவது முறை எரிச்சல் வரும். பதினைந்தாவது முறை வயிறு வலிக்கும்.

புளியோதரை எழுதியது:

காது விவரத்தைக் கவனியாமல் எழுதியது என் பிழை, ஒப்புக்கொள்கிறேன். மாற்றாக 'பஞ்சதந்திரம்' என்று எழுத வந்தேன். 'முன்னாடி', 'பின்னாடி' என்ற இரண்டே சொற்களை வைத்துக்கொண்டு ஒரு தொலைபேசி உரையாடலை இவ்வளவு தூரம் இழுக்க முடியுமா என்று வியக்கவைக்கும் காட்சி அதில் இருக்கிறது. ஆனால் கதை பெங்களூருக்குப் போனபின் எங்கே போகிறது என்பது நினைவுக்கு வந்தது. ரிமோட்டைத் தேட வேண்டியிருக்கும். விட்டுவிட்டேன்.

ஆகவே தங்கவேலு. 1959 இல் வந்த 'கல்யாணப் பரிசு' படத்தில், தான் ஒரு பெரிய எழுத்தாளர் என்று மனைவி வீட்டாரை நம்பவைத்து உலவும் அந்தப் பைரவன் பாத்திரம் ஒன்றே போதும்.

பெஞ்சு டிக்கெட் எழுதியது:

நிறுத்துங்கள் ஐயா, அந்த வீட்டில் இன்னொரு துக்கம் வேண்டாம். 'கல்யாணப் பரிசு' என்றதும் எல்லோருக்கும் பைரவன் மட்டும் நினைவில் நிற்கிறார். ஆனால் படம் முடியும்போது ஜெமினி கணேசன் தாயில்லாக் குழந்தையைக் கையில் ஏந்திக்கொண்டு பழைய காதலியின் கல்யாணத்துக்கு வந்து, அந்தக் குழந்தையையே பரிசாகக் கொடுத்துவிட்டு நடந்துபோகிறார். தங்கவேலு வேண்டுமென்றால் 'அறிவாளி' படத்தில் முத்துலட்சுமிக்குப் பூரி செய்யச் சொல்லிக்கொடுக்கும் பகுதியை மட்டும் தனியே பாருங்கள். ஒவ்வொரு படியிலும் 'அதான் எனக்குத் தெரியுமே' என்று அந்த அம்மாள் வெட்டிவிடும் அழகு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும், யாருக்கும் கண்ணீர் வராது.

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். மனம் லேசாகும் தமிழ்ப் படங்களை வரிசையாக எண்ணிப் பார்த்தால், சிறந்தவற்றில் பல ஒரு பொய்யின் மேல் கட்டப்பட்டவை என்பது தெரியும். அந்தப் பொய்யைச் சொல்பவன் பெரும்பாலும் வேலை இல்லாதவன், அல்லது வேலை போய்விடும் என்று அஞ்சுபவன். 1955 இல் எல்.வி. பிரசாத் இயக்கிய 'மிஸ்ஸியம்மா'வில் பள்ளிக்கூட வேலை கணவன் மனைவியாக வருபவர்களுக்குத்தான் என்பதால், ஜெமினி கணேசனும் சாவித்திரியும் மணமாகாமலே தம்பதிகளாக வேடம் போடுகிறார்கள். அவரோ இந்து, அவளோ கிறித்தவப் பெண். ரங்காராவ் வீட்டில் அன்பு பெருகப் பெருகப் பொய்யின் பாரமும் ஏறுகிறது. 1981 இல் கே. பாலசந்தர் இயக்கிய 'தில்லுமுல்லு'வில் அலுவலகத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கால்பந்துப் போட்டியில் முதலாளி கண்ணில் பட்ட ரஜினிகாந்த், அது நானல்ல, மீசை இல்லாத என் தம்பி என்று சாதிக்கிறார். அது இந்திப் படம் ஒன்றின் மறு ஆக்கம்தான், 1979 இல் வந்த 'கோல்மால்'. ஆனாலும் தேங்காய் சீனிவாசனின் முதலாளி நம் ஊர் மண்ணில் விளைந்தவர். அவர் மீசையில் வைத்திருக்கும் பக்தியைப் பார்த்தால் அவரை ஏமாற்றுவதே பாவம் என்று தோன்றிவிடும்.

இப்படிப்பட்ட பொய் யாருடைய சோற்றிலும் மண் அள்ளிப் போடுவதில்லை. ஏமாறுபவர் பணக்காரர், பிடிவாதக்காரர், உள்ளுக்குள் நல்லவர். பொய் வெளுக்கும்போது அவர் தடியைத் தூக்குவார், பிறகு அவரே சிரித்துவிடுவார். அந்தச் சிரிப்புக்காகத்தான் இரண்டரை மணி நேரம் காத்திருக்கிறோம்.

இந்த வகையில் தலைசிறந்தது 1964 இல் ஸ்ரீதர் இயக்கிய 'காதலிக்க நேரமில்லை'. கதையில் சித்ராலயா கோபுவின் கை உண்டு. வேலையை இழந்த ரவிச்சந்திரன், எஸ்டேட் முதலாளி பாலையாவின் மகளை மணப்பதற்காகத் தன்னைப் பெரிய பணக்கார வீட்டுப் பிள்ளை என்று சொல்லி, தன் நண்பர் முத்துராமனுக்கு நரைத்தாடி வைத்து அப்பாவாக அழைத்து வருகிறார். வந்த இடத்தில் அந்த 'அப்பா'வின் காதலியே எஸ்டேட் முதலாளியின் இன்னொரு மகளாக இருக்கிறாள். இந்தப் படத்தில் வில்லன் என்று ஒரு ஆள்கூடக் கிடையாது.

நீங்கள் கேட்ட முகம் அதில் இருக்கிறது. 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' முதலாளியாகத் தன்னைத் தானே நியமித்துக்கொண்ட நாகேஷ், படத்துக்குப் பணம் போடவேண்டிய தந்தை பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி. பேய் காட்டப்படுவதில்லை, இருட்டுகூடக் கிடையாது. நாகேஷ் கதவு கிறீச்சிடுவதை வாயால் செய்வார், காலடி ஓசையை வாயால் செய்வார். காமிரா பாலையாவின் முகத்துக்குப் போகும். முதலில் அலட்சியம், பிறகு கொஞ்சம் ஆர்வம், பிறகு கண் விரிகிறது, பிறகு மூச்சு நின்றுவிடுகிறது. அவருக்கு அங்கே வசனம் இல்லை என்றே சொல்லலாம். பேசுபவர் நாகேஷ், காட்சியைத் தூக்கிக்கொண்டு போகிறவர் பாலையா. எங்கள் அரங்கில் அந்த ரீல் ஓடும்போது என் தந்தையார் இயந்திரத்தை விட்டுத் துவாரத்துக்கு வந்து நிற்பார்.

வடமராட்சி எழுதியது:

பொய் பற்றிப் பெஞ்சு டிக்கெட் ஐயா எழுதியதை வாசித்தபோது, 2025 மே முதலாம் திகதி வெளியான 'டூரிஸ்ட் ஃபேமிலி' படம்தான் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது. பொருளாதார நெருக்கடியால் இலங்கையை விட்டுப் படகேறி, இராமேசுவரத்தில் கரையிறங்கி, சென்னையில் குடிபுகும் ஒரு குடும்பம், தாம் எங்கிருந்து வந்தோம் என்பதை அயலவர்களிடம் மறைக்க வேண்டியிருக்கிறது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதற்படம் அது. சசிகுமாரும் சிம்ரனும் கணவன் மனைவி. வாயைத் திறந்து இரண்டு சொல் கதைத்தால் பொய் வெளித்துவிடும் என்பதே அதன் நகைச்சுவை. வாயைத் திறக்க வேண்டாம் என்று சொல்லப்பட்ட மனிதர்தான் தெருவில் காண்கின்ற எல்லோரிடமும் சுகம் விசாரிக்கிறார்.

ஒரு விடயத்தை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நாங்கள் அந்தப் படத்தைப் பார்த்தபோது சிரித்த இடங்களும் தமிழ்நாட்டு நண்பர்கள் சிரித்த இடங்களும் முழுவதும் ஒன்றாக இருக்கவில்லை. அவர்கள் பேச்சு வித்தியாசத்துக்குச் சிரித்தார்கள். என் அம்மா, பேச்சை மாற்றிக்கொள்ள அந்தக் குடும்பம் படும் பாட்டைப் பார்த்துச் சிரித்தார், ஏனென்றால் 1990களில் சென்னையில் இருந்த இரண்டு வருடமும் மரக்கறிக் கடையில் அவர் செய்தது அதுதான். 'மரக்கறி' என்ற சொல்லை விழுங்கிவிட்டு, 'காய்கறி' என்று சொல்லிப் பழகிய கதையை அன்றிரவு முதன்முறையாக எங்களுக்குச் சொன்னார். படத்தில் ஒரு மரணம் உண்டு என்பதைத் தொடங்கியவர் அறிந்துகொள்வது நல்லது. அவருடைய நிபந்தனைப்படி அது தள்ளுபடியாகிவிடும், ஆனாலும் வேறொரு மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

கொடிக்கால் எழுதியது:

பொய்ப் படங்கள் என்றால் மணிகண்டனின் 'ஆண்டவன் கட்டளை'யையும் (2016) சேர்த்துக்கொள்ளுங்கள். இலண்டன் போக விரும்பும் ஒருவன் தரகரின் பேச்சைக் கேட்டுக் கடவுச்சீட்டில் இல்லாத மனைவிக்குக் கார்மேகக்குழலி என்று பெயர் கொடுத்துவிட்டு, பிறகு அந்தப் பெயரை நீக்குவதற்கு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறான். ஒரு படிவத்தைத் திருத்துவதை வைத்து ஒரு முழுப்படம்! வாரிசுச் சான்றிதழில் தந்தையின் பெயரில் ஓர் எழுத்தைத் திருத்தப் பதினொரு முறை நடந்தவன் என்ற முறையில், நான் சிரித்தேனா அழுதேனா என்று இன்னும் தெரியவில்லை.

'மெய்யழகன்' பற்றி யாரும் சொல்லவில்லையே?

சங்குப்பூ எழுதியது:

'மெய்யழகன்' எனக்கு உயிர். ஆனால் அது சிரிப்புப் படம் இல்லை. நீடாமங்கலத்தில் ஓர் இரவு முழுக்க இருவர் பேசிக்கொண்டிருக்கும் படம், அதுவும் பேச்சாலேயே நகர்வது. திரைக்கு வந்த சில நாள்களில் சுமார் 18 நிமிடங்களை வெட்டினார்கள். வெட்டாததே நன்று என்பேன், ஆனால் இருபதாவது நிமிடத்தில் உறங்கும் கணவர் உள்ள வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ராதாமோகனின் 'மொழி' (2007) கொஞ்சம் அருகில் வருகிறது. ஜோதிகா பேசவே மாட்டார், முகத்தாலும் கையாலும்தான் எல்லாம். அடுக்ககச் சங்கக் கூட்டங்கள் சிரிப்பாகவும் இருக்கும். ஆயினும் 1984 ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்ட அந்தப் பேராசிரியராக எம்.எஸ். பாஸ்கர் உடைந்து அழும் காட்சியில் யாரும் தப்பியதில்லை. காதலிக்க நேரமில்லைக்கே என் வாக்கு. 1964 ஆம் ஆண்டுப் படம் என் வயதுக்காரர்களுக்குச் சலிக்குமோ என்று தயங்கினால், 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' பாட்டை முதலில் காட்டுங்கள். முதலாளி வீட்டு வாசலில் கூடாரம் அடித்துக்கொண்டு, அவர் பெயரைச் சொல்லியே பாடி ஆடும் வேலைநிறுத்தத்தை எந்தத் தலைமுறைக்கும் விளக்க வேண்டியதில்லை.

தாழ்வாரம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை முடிந்து இன்று ஞாயிறு காலை எழுதுகிறேன். சனிக்கிழமை முழுவதும் வீட்டில் அந்தப் படத்தின் பேச்சாகவே இருந்ததால் உட்கார நேரம் கிடைக்கவில்லை.

'காதலிக்க நேரமில்லை'தான் போட்டோம். சங்குப்பூ சொன்னபடி வேலைநிறுத்தப் பாட்டை மகளுக்கு முதலில் காட்டினேன். கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள். அது எங்கள் வீட்டில் அரிய நிகழ்வு. கணவர் வழக்கப்படி இருபதாவது நிமிடத்தில் உறங்கினார், இடையில் ஒரு பெருஞ்சிரிப்புக்கு விழித்தார், அதன்பின் உறங்கவில்லை.

அப்பா வழக்கம்போலக் கருவியை இழுப்பறையில் வைத்துவிட்டுத்தான் வந்து அமர்ந்தார். முதல் அரைமணி நேரம் நான் அடுக்களை வாசலிலிருந்து அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் புரிகிறதா என்று கேட்டதற்குக் கையை அசைத்து என்னைப் போகச் சொன்னார். பேய்க்கதைக் காட்சி வந்தது. நாகேஷ் பேசத் தொடங்குவதற்கு முன்பே அப்பா நாற்காலியில் நிமிர்ந்துவிட்டார். திரையில் கதவு கிறீச்சிடுவதற்கு ஒரு நொடி முன்னால், எங்கள் கூடத்தில் கதவு கிறீச்சிட்டது. நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். காலடியும் அப்படியே, ஒரு நொடி முன்னால். பதினெட்டு வயதில், படம் வந்த ஆண்டிலேயே, சைக்கிளில் போய் நான்கு முறை பார்த்தாராம்; கல்லூரி விடுதியில் இரவில் மற்றவர்களைப் பயமுறுத்த இதைச் செய்து காட்டுவாராம். எனக்கு இது தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கும்.

மகள் அந்தக் காட்சியை மூன்று முறை திருப்பிப் போட்டாள். முதல் இரண்டு முறை தாத்தா நாகேஷாக இருந்தார். மூன்றாவது முறை ஒலியை முழுவதும் குறைத்துவிட்டு அவரை மட்டும் பேசவைத்து, தான் பாலையாவாக உட்கார்ந்துகொண்டாள்.

அடுத்த வெள்ளிக்குத் தேர்வு உரிமை அவளுடையது என்று தீர்ப்பாகிவிட்டது. என் உரிமையை மீட்கவந்த இடத்தில் அது இன்னொருவர் கைக்குப் போய்விட்டது. அவள் 'நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்' என்கிறாள். அப்பாவுக்கு வசனம் காதில் விழாதே என்றேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை 'என்னாச்சு?' என்று தாத்தா கேட்கத்தான் போகிறார், படத்தில் வருபவரும் அதையேதான் கேட்கப்போகிறார், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்கிறாள்.